பூஜ்யத்திலிருந்து எண்ணும் கார்டு

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்கேன் மையத்தில் இப்போது கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண் அவள்.

"மேடம், ஸ்கேன் படமெல்லாம் இனிமே கிளவுட்டுக்குப் போகுது. பழைய சர்வரைக் கழட்டிக்கிட்டு இருக்கோம். உள்ள ஒரு கார்டு இருக்கு. அதுல உங்க கையெழுத்துல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கு. '0, 1, 2, 3. நம்ம 1, 2, 3, 4 இல்லை'ன்னு. அப்படின்னா என்ன மேடம்?"

அரை மணி நேரம் விளக்கினேன். முடித்ததும், "முன்னால இருந்ததைவிட இப்பத்தான் மேடம் ரொம்பக் குழம்பிருச்சு. எழுதித் தாங்களேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கார்டு விஷயத்தில் நானே குழம்பாமல் இருந்த நாட்கள் குறைவு. எழுதினால் எனக்காவது தெளிகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது கணிதம். பிறகு திருச்சியில் ஆறு மாத ஹார்டுவேர் வகுப்பு. அங்கே நான் ஒருத்திதான் பெண். அடுத்து புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. ஒன்பது வருடம் அங்கே ஸ்குரூ டிரைவரும் தூசி ஊதும் பிளோயருமாகக் கழிந்தது. அந்தக் கடைக்குப் பழுது பார்க்க வந்த கம்ப்யூட்டர் ஒன்றின் வழியாகத்தான் ஸ்கேன் மையத்தில் வேலை கிடைத்தது. மையத்தை நடத்தியவர் டாக்டர் நாச்சியப்பன். திருமயம் பக்கத்து ஊர்க்காரர். அண்ணன் தம்பியெல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இவர் மட்டும் இங்கேயே ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டிப் பெருக்கும் அம்மா முதல் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அனுமதி கேட்பார். "ஒண்ணு கேக்கலாமாங்க?" என்று ஆரம்பித்தால் எங்களில் பாதிப் பேருக்கு வேறு வேலை ஞாபகம் வரும். நாம் ஏதாவது பதில் சொன்னதும் இன்னொரு கேள்வி வரும். "இது புரிஞ்சு சொல்றீங்களா, சொல்லணுமேன்னு சொல்றீங்களா?" முதல் இரண்டு வருடம் இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் அவர் அறைப்பக்கம் போகாமல் சுற்றிப் போவேன்.

அப்போது எங்கள் சர்வரில் படங்களுக்கென்று நாலு ஹார்டு டிஸ்க் இருந்தன. மதர்போர்டிலேயே இருந்த ஒரு வசதியை வைத்து, இரண்டில் எழுதுவதை மற்ற இரண்டிலும் நகல் எடுக்கும்படி செய்திருந்தோம். கரண்ட் போய் மெஷின் படுத்து எழுந்தால் போதும், நாலையும் முதலிலிருந்து ஒப்பிட ஆரம்பித்துவிடும். அந்தக் காலைப் பொழுது முழுக்க ஒரு படம் திறக்க ஐந்து நிமிடம் ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஒருநாள் யு.பி.எஸ். காலை வாரிவிட்டதில், அப்போதுதான் எடுத்த ஒருவருடைய படங்கள் பாதி எழுதியும் பாதி எழுதாமலும் நின்றுவிட்டன. ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அவரை மறுபடி கூப்பிட்டு, மறுபடி ஊசி போட்டு, மறுபடி மெஷினுக்குள் படுக்க வைத்தோம்.

அன்று சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? அவரு ஒடம்புல ரெண்டாவது தடவை கதிரு போனது யாரு தப்புக்கு?"

"யு.பி.எஸ்...." என்று இழுத்தேன்.

"இது இன்னொரு ஆளுக்கு நடக்காம இருக்க என்ன வேணுமோ, விசாரிச்சுட்டு வாங்க."

இப்படித்தான் தனி ரெய்டு கார்டு தேடும் வேலை என்னிடம் வந்தது. நாலு டிஸ்க்கை ஒரே டிஸ்க் மாதிரி சேர்த்துக் கட்டி, ஒன்று செத்தாலும் படம் போகாமல் பார்த்துக்கொள்வது ரெய்டு. மதர்போர்டு அந்த வேலையைப் பகுதி நேரமாகச் செய்கிறது என்றால், இந்தக் கார்டுக்கு வேறு வேலையே கிடையாது. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது கேட்டிருந்தால் உளறியிருப்பேன். ரெய்டு பத்து என்ற வகைக்குப் பத்து டிஸ்க் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. நாலு டிஸ்க் போதும் என்று தெரிந்தபோது யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

விசாரித்த இடத்தில் எல்லாம் வெவ்வேறு பதில். பழைய கடை முதலாளி, "மதர்போர்டுலயே இருக்கும்போது தனியா எதுக்கு?" என்றார். திருச்சியில் இந்தச் சாமான்கள் விற்கும் பாஸ்கர் மூன்று கார்டுகளை மேஜையில் வைத்தார். ஒன்றில் தனி மெமரி கிடையாது. இன்னொன்றில் மெமரி உண்டு, பேட்டரி கிடையாது. மூன்றாவதில் இரண்டும் உண்டு. "உங்களுக்கு நடுவுல உள்ளது போதும் மேடம். யு.பி.எஸ். இருக்குல்ல?" என்றார். இன்டர்நெட்டில் படித்தால், பேட்டரி இல்லாத மெமரி இருப்பதற்கு இல்லாமலே இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே அவரை முட்டாள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார்.

குழப்பத்தோடு டாக்டரிடம் போனேன்.

"கார்டுல பேட்டரி எதுக்குங்க?"

"கரண்ட் போனா காப்பாத்த, சார்."

"யு.பி.எஸ். எதுக்குங்க?"

"கரண்ட் போனா காப்பாத்த."

"அப்ப ரெண்டும் ஒண்ணா?"

இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். சோற்றுக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூட மறந்தது. மூன்றாம் நாள், ரிசப்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் யு.பி.எஸ். நன்றாக இருக்கும்போதே உள்ளே பவர் சப்ளை புகைந்து நின்றுபோனது. அதைக் கழட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. கார்டு படத்தைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிடம் "எழுதியாச்சு" என்று சொல்லிவிடுகிறது. உண்மையில் டிஸ்க்கில் பிறகுதான் எழுதும். அந்த இடைவெளியில் மெஷினே படுத்துவிட்டால் யு.பி.எஸ். என்ன செய்யும்? மெமரியில் இருப்பதைப் பிடித்து வைக்கக் கார்டிலேயே ஒரு பேட்டரி வேண்டும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"இப்பப் புரிஞ்சு சொல்றீங்க. வாங்குங்க."

பாஸ்கருக்குப் போன் போட்டு, "மூணாவதே குடுத்துருங்க. ஞாயித்துக்கிழமை ரெய்டு வச்சுக்கிறோம்" என்று சத்தமாகச் சொன்னேன். ரிசப்ஷனில் இருந்த பெண் டாக்டர் வீட்டுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருமான வரிக்காரர்கள் வருகிறார்களாம் என்று சொல்லிவிட்டாள். டாக்டரின் மனைவி பதறிப்போய் அவரைக் கேட்க, அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு கேக்கலாமாங்க?" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஞாயிறு மையம் விடுமுறை. காலையிலேயே போய்விட்டேன். முதல் வேலை, இருக்கிற படங்களையெல்லாம் இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் எடுப்பது. அதை முந்தின இரண்டு நாளும் செய்து முடித்திருந்தேன். அங்கங்கே சில படங்களைத் திறந்தும் பார்த்தேன். புதுக் கார்டு டிஸ்க்குகளைத் தன் கணக்கில் எடுக்கும்போது பழையதையெல்லாம் துடைத்துவிடும். அதற்குப் பிறகு அழுது பயனில்லை.

மெஷினைத் திறந்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுத்தேன். நம் உடம்பில் இருக்கும் மின்சாரம் அதன் மேல் பாயக்கூடாது. எந்த ஸ்லாட்டில் செருகுவது என்பதில் குழப்பமில்லை; நீளமான ஸ்லாட் ஒன்றுதான் காலியாக இருந்தது. ஆனால் கார்டை மெஷினோடு பிடித்துவைக்கும் தகடு குட்டையாக இருந்தது. தப்பான கார்டை வாங்கிவிட்டோம் என்று வியர்த்துவிட்டது. அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடப் போனபோது, அதன் அடியில் ஒரு சின்னக் கவரில் நீளமான தகடு கிடந்தது. இரண்டு ஸ்குரூவைக் கழட்டி மாற்றினேன்.

அடுத்தது கேபிள். ஒரு முனை தடித்தது, கார்டில் செருகுவது. மறுமுனை நாலாகப் பிரிந்து நாலு டிஸ்க்குக்கும் போவது. நாலு வால்களிலும் பொடி எழுத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருந்தது. அதன்படியே வரிசையாகச் செருகி, மெஷினின் முன்பக்கம் டிஸ்க்குகளை வைத்து இழுக்கும் தட்டுகளிலும் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மெஷினைப் போட்டால், ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை என்றது. ஒரு மணி நேரம் எதையெல்லாமோ மாற்றிப் பார்த்தேன். கடைசியில், கார்டு வந்ததும் மெஷின் முதலில் அதைத் தேடிப் போகிறது, விண்டோஸ் இருக்கும் பழைய சின்ன டிஸ்க்கை மறந்துவிட்டது என்று தெரிந்தது. வரிசையை மாற்றினேன். பிறகு கார்டின் திரைக்குள் போய் நாலு டிஸ்க்கையும் ரெய்டு ஐந்தாகக் கட்டினேன். நாலில் ஒன்று செத்தால் தாங்கும்; இரண்டு போனால் எல்லாம் போச்சு. ரெய்டு ஆறு என்றால் இரண்டு போனாலும் தாங்கும், ஆனால் படம் வைக்க இடம் குறையும். இடம்தான் முக்கியம் என்று நினைத்தேன். இன்றைக்கு என்றால் அப்படி நினைக்க மாட்டேன்.

அந்தத் திரையில் டிஸ்க்குகளை ஸ்லாட் 0, 1, 2, 3 என்று போட்டிருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதுவும் நாலு, இதுவும் நாலு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகப் போனது. படங்கள் பட்டுப் பட்டென்று திறந்தன. கரண்ட் போனாலும் பயமில்லை. இந்த நல்ல காலத்தில்தான் நான் செய்யக்கூடாத தப்பைச் செய்தேன். ஞாயிறுதோறும் வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பது மாதம் ஒரு தடவையாகி, பிறகு எப்போதாவது ஆகி, நின்றேபோனது. ரெய்டு இருக்கிறதே, இனி எதற்கு நகல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாலாவது வருடம் என்று நினைக்கிறேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து ஜெய்னம்பு என்ற அம்மா நெஞ்சு ஸ்கேனுக்கு வந்தார்கள். விடாத இருமல். வீட்டுக்காரர் சிக்கந்தர், விசைப்படகு வைத்திருப்பவர், கூட வந்தார். ஸ்கேனில் வலது நுரையீரலில் சின்னதாக ஒரு நிழல் தெரிந்தது. படத்தை எடுத்துக்கொண்டு மதுரையில் பெரிய டாக்டரிடம் போனார்கள். அவர், "இதுக்கு முன்னாடி எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? அதுலயும் இதே நிழல் இதே அளவுல இருந்தா பயப்பட வேணாம். இல்லைன்னா நெஞ்சைத் திறந்துதான் பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

முன்னால் எடுத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் படியில் தவறி விழுந்து விலா எலும்பில் அடிபட்டபோது, எங்கள் மையத்தில்தான். கையில் கொடுத்த பிலிம், புயலில் வீடு ஒழுகியபோது ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பாழாகிவிட்டது. "சர்வர்ல இருக்கும், நாளைக்குக் காலையில வாங்க, எடுத்து வச்சிருக்கோம்" என்று போனில் சொன்னது நான்.

மறுநாள் காலை நான் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முருகேசன் போன் செய்தார். ஸ்கேன் மெஷினை இயக்கும் டெக்னீசியன். எனக்குத் தம்பி மாதிரி.

"அக்கா, சர்வர் ரூம்ல பீப்பு பீப்புன்னு ஒரே கத்தலா இருக்கு."

"திரையில என்ன போட்டிருக்கு?"

"ஸ்லாட் ரெண்டு, ஃபெயில்டுன்னு செவப்புல இருக்கு."

ஒரு டிஸ்க் செத்துவிட்டது. இதற்காகவே புது டிஸ்க் ஒன்று அலமாரியில் வைத்திருந்தோம். அதற்கு அடுத்து நாங்கள் பேசியது என்ன என்பதில்தான் இன்று வரை தகராறு. "ரெண்டுன்னு ஒட்டியிருக்குறதை உருவிட்டுப் புதுசைச் சொருகவா?" என்று தான் கேட்டதாகவும், நான் "ஆமா" என்றதாகவும் முருகேசன் சொல்கிறார். "எதையும் தொடாதீங்க, நான் வாரேன்" என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். பஸ்ஸில் ஹாரன் சத்தம். என் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பீப் சத்தம் வாசல் வரை கேட்டது. ஜெய்னம்பு அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "படம் எடுத்து வச்சிட்டியளாம்மா?" என்று கேட்டார்கள். "இதோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். சர்வரில் படங்கள் இருக்கும் டிரைவையே காணோம்.

திரையின் ஸ்லாட் 2 என்பது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது டிஸ்க். நான் ஒட்டிய கணக்கில் 3. முருகேசன் உருவியது 2 என்று ஒட்டியிருந்ததை. அது உயிரோடு இருந்த டிஸ்க். ஏற்கெனவே ஒன்று செத்திருக்க, இன்னொன்றையும் உருவியாகிவிட்டது. நாலில் இரண்டு போனால் எல்லாம் போச்சு.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நகல் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்ல வாய் வந்தது என்று தெரியவில்லை. "ஒண்ணு கேக்கலாமாங்க" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பென்சிலால் மூன்று கட்டம் போட்டார். 'தெரிஞ்சது', 'தெரியாதது', 'தொடக்கூடாதது' என்று மேலே எழுதினார்.

"யாரு செஞ்சதுங்கிறதை எதுலயும் எழுத வேணாம். மத்ததை எழுதுங்க."

எழுத எழுதத்தான் எனக்கு வரிசை பிடிபட்டது. ஸ்லாட் 2 டிஸ்க் முதலில் செத்தது. அது எப்போது செத்ததோ, அதற்குப் பிறகு வந்த எதுவும் அதில் இல்லை. அதனால் அதைத் திரும்பச் சேர்க்கக்கூடாது: மூன்றாவது கட்டம். தட்டில் 2 என்று ஒட்டியிருந்த ஸ்லாட் 1 டிஸ்க் நல்லது. அதை உருவிய அந்த நொடியிலேயே மொத்தமும் நின்றுவிட்டதால், அதற்குப் பிறகு எந்த டிஸ்க்கிலும் ஒன்றும் எழுதப்படவில்லை. இது முதல் கட்டம். நல்ல டிஸ்க்கைத் திரும்ப வைத்தால் கார்டு அதை ஏற்றுக்கொள்ளுமா? அது இரண்டாவது கட்டம். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டேன்.

மெஷினை அணைத்து, புது டிஸ்க்கை எடுத்துவிட்டு, பழைய நல்ல டிஸ்க்கை அதே இடத்தில் வைத்துப் போட்டேன். திரையில் ஒரு வரி வந்தது. ஃபாரின் கான்ஃபிகரேஷன் ஒன்று கிடைத்திருக்கிறது, இம்போர்ட் செய்யவா, இல்லை கிளியர் செய்யவா என்று கேட்டது.

"ஃபாரினா?" என்றார் முருகேசன். "நம்ம திருச்சியில தானே வாங்குனோம்?"

என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து கதவருகில் நின்ற சிக்கந்தர் அதைக் கேட்டுவிட்டார். "ஃபாரின் மிசினா? எம் மச்சான் துபாயில இருக்காரு. ஏதும் பார்ட்டு வேணுமுன்னா சொல்லுங்க, அனுப்பச் சொல்றேன்" என்றார். அவரைச் சமாதானம் செய்து பெஞ்சுக்கு அனுப்பினோம்.

பாஸ்கருக்குப் போன் செய்தேன். அவர் எங்கோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "ஃபாரின்னு வருதா? ஒண்ணுமில்ல மேடம், கிளியர் பண்ணிருங்க, சரியாயிரும்" என்றார்.

கிளியர் பண்ணு. நம் ஊரில் ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதற்கும் கிளியர் பண்ணு என்றுதான் சொல்கிறோம். மேஜையைத் துடைப்பதற்கும் கிளியர் பண்ணு என்றுதான் சொல்கிறோம். பாஸ்கர் எதைச் சொன்னார்? திரை எதைச் சொல்கிறது? திரும்பக் கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. பீப் சத்தம் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. விற்றவரே சொல்கிறார், எனக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. அம்புக்குறியைக் கிளியருக்கு நகர்த்திவிட்டேன்.

டாக்டர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"மீனாள், இது புரிஞ்சு செய்றீங்களா, செய்யணுமேன்னு செய்றீங்களா?"

"புரியலை, சார்."

"அப்ப கையை எடுத்துருங்க. அவங்களை நான் பாத்துக்கிறேன். ஒங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கங்க."

வெளியே போய் ஜெய்னம்பு அம்மாவிடம், "எங்க மெசின்ல ஒரு கோளாறுங்க. தப்பு எங்களோடது. படம் கிடைக்குமான்னு இன்னும் எங்களுக்கே தெரியலை. மதியம் வரைக்கும் பொறுத்துக்குவீங்களா?" என்று நின்றுகொண்டே சொன்னார். அந்த அம்மா, "இம்புட்டு நாளு பொறுத்தாச்சு, மதியத்துக்கு என்னங்க" என்றது எனக்கு உள்ளே கேட்டது. அதற்குப் பதில் அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டின் விளக்கப் புத்தகத்தை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, வரி வரியாகப் படித்தேன். ஃபாரின் என்றால் வெளியாள் என்று அர்த்தம். தட்டிலிருந்து உருவப்பட்ட டிஸ்க் திரும்பி வரும்போது கார்டு அதைத் தன் ஆளாக மதிப்பதில்லை. அந்த டிஸ்க்கில் ரெய்டின் வரைபடம் எழுதியிருக்கும். இம்போர்ட் என்றால் அந்த வரைபடத்தை ஏற்றுக்கொண்டு டிஸ்க்கை உள்ளே சேர்ப்பது. கிளியர் என்றால் அதை அழிப்பது. அழித்த பிறகும் மீட்க வழி உண்டு என்று பல வருடம் கழித்து எங்கோ படித்தேன். அன்று அது எனக்குத் தெரியாது. அழித்திருந்தால் அத்தோடு கைவிட்டிருப்பேன்.

புத்தகத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. இம்போர்ட் செய்வதற்கு முன், செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு பார்வை. அதைத் திறந்தேன். நாலில் மூன்று சேரும், ஒன்று இல்லை, ஆனால் மொத்தம் உயிரோடு இருக்கும் என்று காட்டியது. செத்த ஸ்லாட் 2 அதில் இல்லை. தாளோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். முருகேசனை விரல் வைத்து வாசிக்கச் சொல்லி இன்னொரு தடவையும் பார்த்தேன். பிறகு இம்போர்ட்டை அழுத்தினேன்.

விண்டோஸ் வந்தது. டிரைவ் வந்தது. ஜெய்னம்பு என்று தேடினேன். வந்தது. அந்த ஒரு படத்தொகுப்பை மட்டும் முதலில் டாக்டருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரு பென் டிரைவுக்கும் நகல் எடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படத்தின் ஒவ்வொரு அடுக்காக நகர்த்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார். இரண்டிலும் அளந்தார். மறுபடி அளந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார்.

"அம்மா, மூணு வருஷத்துக்கு முன்னாலயும் இது இதே எடத்துல, இதே அளவுல இருந்திருக்கு. வளரலை. எப்பவோ வந்து ஆறிப்போன தழும்பு மாதிரிதான் தெரியுது. ரெண்டு படத்தையும் தாரேன், மதுரையில காட்டுங்க."

சிக்கந்தர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஜெய்னம்பு அம்மா அவர் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளி யார் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். மதுரை டாக்டரும் அதையே சொன்னதாகப் பிறகு போன் வந்தது. இருமலுக்கு மருந்து மட்டும் கொடுத்தார்களாம்.

நான் எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து முடித்த பிறகுதான், புது டிஸ்க்கைச் சரியான தட்டில் வைத்தேன். அது மற்ற மூன்றிலிருந்தும் தன் பங்கை எழுதி முடிக்க மறுநாள் வரை ஆனது. அதுவரை பீப் நிற்கவில்லை. நிறுத்த ஒரு பட்டன் உண்டு என்பதும் புத்தகத்தில் இருந்தது, ஆனால் நான் நிறுத்தவில்லை. தட்டுகளில் இருந்த எண்களைப் பிய்த்து 0, 1, 2, 3 என்று ஒட்டினேன். கார்டின் மேலும் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டினேன். நிவேதா, நீ பார்த்தது அதுதான்.

நகல் எடுக்காமல் விட்டதற்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று ஒரு வாரம் செத்துப் பிழைத்தேன். அவராகவே ஒருநாள் சொன்னார். "நாலு வருஷமா நானும் கேக்காம விட்டேங்க. நீங்க சொல்லணும்னு எதிர்பாத்தேன், நான் கேக்கணும்னு நீங்க எதிர்பாத்தீங்க." அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், "நகல்?" என்று ஒரு சொல் கேட்பார். நான் ஓய்வு பெறும் வரை கேட்டார்.

இதெல்லாம் எழுதிய பிறகும் எனக்கு ஒன்று தெளியவில்லை. அன்று கையை எடுக்காமல் கிளியரை அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? திரை கத்தியிருக்குமா? 'எல்லாம் போகப்போகிறது' என்று எச்சரித்திருக்குமா? நிவேதாவிடம் கேட்டேன். போன வாரம் அந்தச் சர்வரை நொறுக்கப் போடுவதற்கு முன் எனக்கு அரை நாள் கொடுத்தாள். வேண்டாத பழைய டிஸ்க் நாலை வைத்து ரெய்டு ஐந்தாகக் கட்டி, என் வீட்டுப் போட்டோக்கள் கொஞ்சம் போட்டேன். மூன்றாவது தட்டை உருவினேன். பீப் ஆரம்பித்தது. இரண்டாவதை உருவினேன். மெஷினை அணைத்து, இரண்டாவதைத் திரும்ப வைத்துப் போட்டேன். அதே வரி வந்தது. இந்தத் தடவை கிளியருக்குப் போய் அழுத்தினேன்.

உறுதிதானா என்று மரியாதையாக ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றேன். மீதி இருந்த டிஸ்க்குகளும் ஒரு நொடியில் வெறும் டிஸ்க்குகளாகிவிட்டன. சிவப்பு எழுத்து ஏதும் இல்லை. திரை சுத்தமாக இருந்தது. பீப் நின்றது. அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது.

பக்கத்து ஸ்கேன் ரூமிலிருந்து முருகேசன் குரல் கொடுத்தார்.

"அப்பாடா! சரியாயிருச்சாக்கா?"